மூன்று வருஷம் சும்மா இருக்க வேண்டும்

தாமல்காரர்களுக்கு உத்திரமேரூர் மேல் ஒரு சின்னப் பொறாமை உண்டு. எங்களிடம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இருக்கிறது. வராகீசுவரர் கோயில் இருக்கிறது. தொண்டை மண்டலத்தில் 24 கோட்டங்கள் என்று சொல்வார்களே, அதில் ஒன்று எங்கள் ஊரின் பெயரில்தான் இருந்தது. இத்தனை இருந்தும் பள்ளிக்கூடப் பாடத்தில் வருவது காலியூர்க் கோட்டத்து உத்திரமேரூர்தான். அவர்கள் செய்த ஒரே காரியம், சட்டம் போட்ட கையோடு அதைச் சுவரில் வெட்டி வைத்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்களும் ஏதாவது சட்டம் போட்டிருப்பார்கள். வாயால் போட்டிருப்பார்கள். வாயால் போட்ட சட்டத்துக்கு எந்தக் காலத்தில் மரியாதை இருந்தது?

என் அம்மா பிறந்தது உத்திரமேரூர் பக்கம். கோடை விடுமுறை என்றால் மாமா வீடு. மாமா வாத்தியார் இல்லை, நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். ஆனால் வைகுண்டப் பெருமாள் கோயில் சபை மண்டபத்துக்கு அழைத்துக்கொண்டு போனால் புலவராகிவிடுவார். சுவரில் இருப்பது கிரந்தம் கலந்த பத்தாம் நூற்றாண்டு எழுத்து. அவரால் அதில் ஒரு வரியும் படிக்க முடியாது. இருந்தாலும் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே, அன்றைய தினசரியைப் படிப்பதுபோல ஒப்பிப்பார்.

"மொதல் பராந்தக சோழன் காலம்டா. 919-ல ஒண்ணு, 921-ல ஒண்ணு, ரெண்டு கல்வெட்டு. ஊரை முப்பது குடும்பாப் பிரிச்சாங்க. நிக்கத் தகுதி உள்ளவன் பேரையெல்லாம் ஓலையில எழுதி, குடும்பு வாரியாக் கட்டி, குடத்துல போட்டாங்க. சபையில இருக்கிறதுலயே வயசானவர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். உள்ள என்ன இருக்குன்னே தெரியாத சின்னப் பையன் ஒருத்தன் கையை விட்டு எடுப்பான். மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சுக்கினு உள்ளங்கையில வாங்குவான். ஏன் விரிச்சுக்கினு?"

எனக்குத் தெரியாது.

"விரலிடுக்குல வேற ஓலை வச்சிருக்கக் கூடாது பாரு!"

இந்த இடத்தில் மாமா சிரிக்கும் சிரிப்பு, மண்டியில் அவர் பார்த்த விரலிடுக்குகளை எல்லாம் நினைத்துச் சிரிப்பது என்று பின்னாளில்தான் புரிந்தது.

இப்போது வாக்குச்சாவடியில் காலையில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். வாக்குப்பதிவு தொடங்கும் முன் கட்சி முகவர்கள் முன்னால் குறைந்தது ஐம்பது மாதிரி வாக்குப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, பெட்டி காலி என்று நிரூபித்த பிறகுதான் சீல் வைக்கிறார்கள். அப்புறம் நாம் பொத்தானை அழுத்தினால் ஒப்புகைச் சீட்டு ஏழு விநாடி கண்ணாடிக்குள் தெரிந்து விழுகிறது. ஆயிரத்து நூறு வருஷமாக நமக்கு ஒருவர் கையை ஒருவர் நம்பும் வழக்கமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கல்வெட்டுச் சட்டத்தில் தகுதிப் பட்டியல் நீளம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். 919இல் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருந்தது, இரண்டே வருஷத்தில் 35க்கு மேல் 70க்குள் என்று திருத்திவிட்டார்கள். யாரோ முக்கியமானவருக்கு அறுபது முடிந்திருக்கும் என்பது மாமாவின் ஊகம். ஆதாரம் கிடையாது. ஆனால் சட்டத் திருத்தங்களைப் பற்றி மாமாவுக்கு இருந்த அறிவு மண்டியில் கிடைத்தது, அதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதமும் உள்ள ஆண்களின் சபை. மாமாவின் பாட்டன் பூட்டன் பெயரோ என் பாட்டன் பூட்டன் பெயரோ அந்தக் குடத்துக்குள் போயிருக்க வழியே இல்லை. அத்தையின் பெயர் போயிருக்கும் என்று எண்ணுவது இன்னும் வேடிக்கை. நடந்ததும் நாம் சொல்லும் அர்த்தத்தில் தேர்தல் இல்லை, குலுக்கல். மேடைகளில் 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று முழங்குகிறவர்கள் இந்த இரண்டு சங்கதிகளையும் மைக்கில் சொல்வதில்லை. ஆனால் குலுக்கலில் ஒரு சௌகரியம் இருந்தது. குடத்திடம் போய் வாக்கு கேட்க முடியாது. குடத்துக்குக் கவர் கொடுக்கவும் முடியாது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணம் புழங்கியது என்று தேர்தலையே நிறுத்தி வைக்க வேண்டி வந்ததே, அந்தத் தொல்லை பராந்தகனின் அதிகாரிகளுக்கு இல்லை.

மாமாவுக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்த ஷரத்துகள் இரண்டு. கடந்த மூன்று வருஷத்தில் ஏதாவது வாரியத்தில் இருந்தவன் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. பதவிக் காலம் 360 நாள்தான். ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, ஒரு தடவை உட்கார்ந்தால் எழுந்து போய் மூன்று வருஷம் சும்மா இருக்க வேண்டும். இது ஒன்று. இருந்தபோது கணக்குக் காட்டாதவன் திரும்பி வரவே கூடாது என்பது இன்னொன்று. அவன் மட்டுமா? சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறை ஒன்று விடாமல் அடுக்கி, இவர்கள் பெயரும் ஓலையில் ஏறக் கூடாது என்று வெட்டியிருக்கிறார்கள்.

"இந்த லிஸ்ட்டை இன்னிக்கு வச்சா எந்தக் கட்சிக்குடா வேட்பாளர் கெடைப்பான்?" என்பார் மாமா. விடுமுறைக்கு விடுமுறை இதே கேள்வி. நான் சிரித்தாக வேண்டும்.

நாற்காலியில் இருப்பவர் மறுபடி நாற்காலிக்கு வருவது என்ற விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கே ஒரு குணம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே அந்தக் குணம்தான். 1957இல் காஞ்சிபுரத்தில் ஜெயித்த அண்ணாவை, அவர் பிறந்த ஊர் என்றும் பார்க்காமல், 1962இல் தோற்கடித்தார்கள். ஜெயித்தவர் காங்கிரஸ் நடேச முதலியார், பஸ் முதலாளி. கட்சி அண்ணாவை மாநிலங்களவைக்கு அனுப்பியது. வீட்டுக்காரர்கள் துரத்திய பிள்ளை டெல்லிக்குப் போய்ப் பேர் வாங்கிக்கொண்டு திரும்பியது. அடுத்த தேர்தலில், 1967இல், பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலத்தையே தோற்கடித்து அனுப்பினார்கள். ஆளும் முதலமைச்சரைச் சொந்தத் தொகுதியில் கவிழ்ப்பது சாதாரணக் காரியமில்லை. எங்கள் பக்கத்தில் இதைப் பெருமையாகவும் சொல்வதில்லை, வருத்தமாகவும் சொல்வதில்லை. ஏதோ அந்த வருஷம் மழை பொய்த்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

எனக்கு விவரம் தெரிந்து நான் பார்த்த முதல் தேர்தல் இதற்கு நேர்மாறானது. 1984. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளினில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறார். ஆண்டிபட்டியில் அவர் பெயரில் மனு. ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்கு வராத வேட்பாளர். அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று ஊரெல்லாம் குசுகுசுப்பு. அதற்குப் பதிலாக வந்தது வீடியோ. எங்கள் ஊர் மந்தைவெளியில் இரவு டிவிப் பெட்டியை மேஜை மேல் ஏற்றி வைத்தார்கள். அவர் சாப்பிடுகிறார், பேப்பர் பார்க்கிறார். அவ்வளவுதான் கதை. சண்டையில்லை, பாட்டில்லை. ஆனால் அவர் நடித்த எந்தப் படத்துக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் பாட்டி பெட்டியை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "சோறு எறங்குதுடா சாமிக்கு" என்றாள். டிசம்பர் 24 வாக்குப்பதிவு. அக்டோபர் கடைசியில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட துக்கமும் சேர்ந்துகொள்ள, அ.தி.மு.க.வும் காங்கிரஸும் வாரிக்கொண்டு போயின. முதலமைச்சர் பிப்ரவரியில்தான் ஊர் திரும்பினார்.

மாமாவுக்கு மட்டும் இதில் மனத்தாங்கல். அவர் அப்போது தி.மு.க.வா என்றால் அப்படியும் சொல்ல முடியாது. "மூணாவது தடவைடா! 77, 80, 84. கல்வெட்டுல இதுக்கு எடமே இல்லை" என்றார். பாட்டி அவரைப் பார்த்த பார்வையில் பராந்தகனே ஓலையைச் சுருட்டி இருப்பான்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் மாமாவின் கட்சி ஆட்சி. கல்வெட்டுக் கட்சியைச் சொல்கிறேன்.

கவனித்துப் பார்த்தால் உத்திரமேரூர்த் தொகுதியின் வரலாறு யாரோ வேண்டுமென்றே எழுதியதுபோல இருக்கும். 1989 ஜனவரியில், அ.தி.மு.க.வின் இரண்டு அணிகள் சேவல், இரட்டைப் புறா என்று தனித்தனிச் சின்னத்தில் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்ட தேர்தலில், தி.மு.க.வின் க. சுந்தர் முதல் முறையாக வந்தார். இரண்டே வருஷத்தில் சட்டசபை கலைந்தது. 1991இல் ராஜீவ் காந்தி கொலை, அதுவும் எங்கள் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில். மாநிலம் முழுக்க தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டு இடம். உத்திரமேரூர் அ.தி.மு.க.வின் காஞ்சி பன்னீர்செல்வத்திடம் போனது. 1996, சுந்தர். 2001, அ.தி.மு.க. சோமசுந்தரம். 2006, சுந்தர். 2011, அ.தி.மு.க. வாலாஜாபாத் கணேசன். ஒரு தடவை உட்கார், அடுத்த தடவை வெளியே நில், பிறகு வா. ஊர்க்காரர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கல்வெட்டைப் படித்ததில்லை, பலர் கோயிலுக்கு உள்ளேயும் போனதில்லை. ஆனாலும் பராந்தகன் ஷரத்தை எழுத்துப் பிசகாமல் நடத்திக் காட்டினார்கள். மூன்று வருஷம் ஐந்து வருஷமானது ஒன்றுதான் வித்தியாசம்.

இதைச் சொன்னால் மாநிலமே அப்படித்தானே இருந்தது, ஆளுங்கட்சி அலையில் தொகுதியும் போனது என்பீர்கள். உண்மைதான். ஆனால் கொடுத்தவர்களை இப்படி மாற்றி மாற்றி அனுப்பியதில் ஒரு ரசனை இருந்தது. மாமா வீட்டுக் கூடத்துக்கு வந்து பாருங்கள். கலைஞர் ஆட்சியில் வந்த கலர் டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. அதற்கு எதிரே, அம்மா ஆட்சியில் வந்த மின்விசிறி அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. சமையலறையில் மிக்ஸி, கிரைண்டர். டிவியைப் பார்த்துக்கொண்டே டிவி கொடுத்தவருக்கு எதிராக வாக்களிக்கக் கிளம்பியவர் அத்தை. "குடுத்தா வாங்கிக்கணும். அதுக்காவ ஓட்டையும் அவுனுக்கே போட்டா, அப்புறம் புதுசா யாரு குடுப்பா?" என்றார். இந்தப் பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தருவதில்லை.

2016இல் ஒரு குழப்பம் வந்தது. ஜெயலலிதா மறுபடி ஜெயித்தார். எம்.ஜி.ஆருக்குப் பிறகு ஆளுங்கட்சியே திரும்பி வந்தது அப்போதுதான், முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு. மாநிலம் முறையை உடைத்தது. உத்திரமேரூர் உடைக்கவில்லை. இருந்த அ.தி.மு.க.வை எழுப்பிவிட்டு சுந்தரை உட்கார வைத்தது. வாக்கு எண்ணிய இரவு மாமா எனக்கு போன் போட்டார். "ஊரு நாட்டுல எல்லாரும் மறந்துட்டாங்கடா. நாங்க மறக்கலை" என்றார். தொண்டை கட்டியிருந்தது. யார் ஜெயித்ததற்காகவும் அவர் அப்படி நெகிழ்ந்து நான் கேட்டதில்லை.

2021இல் மாநிலம் மாறியது. அப்போது பார்த்து உத்திரமேரூர் மாறவில்லை! சுந்தர் மறுபடி வந்தார், ஐந்தாவது தடவை, முதல் முறையாக இடைவெளி இல்லாமல். எதிரே நின்றவர் 2001இல் ஜெயித்த அதே சோமசுந்தரம். வித்தியாசம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வாக்கு. இருந்தவரையே திருப்பி அனுப்புவது தொகுதிக்கு அவ்வளவு கூச்சமாக இருந்திருக்கிறது. முறை போனதைப் பற்றி டீக்கடையில் ஒருவர் வாயிலும் பேச்சில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2020 டிசம்பர் 10 அன்று, டெல்லியில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல். பிரதமர் பேச்சில் உத்திரமேரூர் வந்தது. கல்வெட்டு வந்தது, தகுதியிழப்பு விதிகள்கூட வந்தன. மாமா வீட்டு டிவி முன்னால் தெருவே கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒரு வார்டு கவுன்சிலர்கூட இல்லை. இருக்க முடியாது. 2016 அக்டோபரோடு உள்ளாட்சிகளின் காலம் முடிந்து, உத்திரமேரூர் பேரூராட்சியைத் தனி அலுவலர்தான் நடத்திக்கொண்டிருந்தார். அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. எங்கள் பக்கத்துக் கிராம ஊராட்சிகளுக்கும் அதே கதி. மற்ற மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் நடந்தபோது, மாவட்டம் பிரித்த கணக்கில் காஞ்சிபுரத்தை விட்டுவிட்டார்கள். 2021 அக்டோபரில்தான் முறை வந்தது. வருஷா வருஷம் குடத்தைக் குலுக்கிய ஊரில் ஐந்து வருஷம் குடமே இல்லை. டெல்லியில் கைதட்டல் கேட்டபோது எங்கள் தெரு விளக்கு எரியாததற்கு யாரிடம் போவது என்று தெரியாமல் இருந்தோம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பேத்தி வீடியோ காலில் வரும்போதெல்லாம் மாமா அந்த ஊர்ச் சட்டத்தைக் கிண்டிக் கிண்டிக் கேட்பார். ஜனாதிபதியாக இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது, ஆனால் செனட்டருக்கு அப்படி வரம்பே இல்லை என்று அவள் சொன்னதும் திகைத்துப்போனார். ஒரு செனட்டருக்கு ஆறு வருஷம், முடிந்ததும் மறுபடி நிற்கலாம், பெரும்பாலும் இருப்பவரே ஜெயிப்பார். மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட் 1959இல் உட்கார்ந்து 2010இல் இறக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"அம்பத்தோரு வருஷமா? கணக்கு காட்டினாரா?"

"தாத்தா, அங்கெல்லாம் ஆடிட் இருக்கு."

"ஆடிட்டு இங்கயும்தான் இருக்கு" என்றார் மாமா. மெக்சிகோவில் 1933 முதல் நாடாளுமன்ற உறுப்பினர் யாரும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்று இருந்ததையும், 2014இல் அதைத் தளர்த்தியதையும் நான் எடுத்துச் சொன்னேன். "எம்பது வருஷம் தாங்கியிருக்கு. கெட்டிக்காரனுங்கதான்" என்று அந்த நாட்டுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்.

ஆனால் யோசித்தால் எங்கள் முப்பது வருஷப் பெருமையில் ஒரு பொத்தல் இருக்கிறது. கல்வெட்டின் இரண்டு ஷரத்தில் நாங்கள் காப்பாற்றியது ஒன்றைத்தான். எழுப்பிவிடுவதில் கெட்டிக்காரர்களாக இருந்தோம். எழுந்து போகிறவரை நிறுத்தி, ஐயா உங்கள் காலத்தில் ஏரிக்கு வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கேட்டதில்லை. வேட்பாளர்கள் சொத்துக் கணக்கைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தத் தாள்கள் வெளியிலேயே கிடைக்கின்றன. யார் எடுத்துப் பார்க்கிறார்கள்? வீட்டுக்கு அனுப்பியதே தண்டனை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். அவரோ ஐந்து வருஷம் ஓய்வெடுத்துத் தெம்பாக வருகிறார். பராந்தகன் சபைக்காரர்கள் வெளியே நிற்க வைத்ததோடு விடவில்லை, கணக்கு வராதவரை மைத்துனனையும் உள்ளே விடவில்லை.

இதை மாமாவிடம் போன ஆடியில் சொன்னேன். அவர் தெரு அம்மன் கோயில் கூழ் வார்க்கும் விழாக் குழுவுக்குப் பொருளாளர். எப்போதிலிருந்து என்று யாருக்கும் நினைவில்லை. வருஷா வருஷம் கூட்டம் கூடும், "அவரே இருக்கட்டும்" என்பார்கள், அவரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி இருந்துவிடுவார். முடிவில் "துண்டு வுழுந்துடுச்சு, நான்தான் கையிலேர்ந்து போட்டேன்" என்பார். நெல் மண்டியில் கணக்கெழுதிய கை, யாரும் சந்தேகப்பட்டதில்லை. நோட்டைப் பார்த்ததும் இல்லை.

அன்று கூட்டத்தில் காலேஜ் பையன் ஒருவன் எழுந்து, பேரையெல்லாம் சீட்டெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கலாமே, நம்ம ஊர் முறைதானே என்றான். கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரோ ஓடிப்போய் எவர்சில்வர் குடம் கொண்டு வந்தார்கள். சீட்டெடுக்கக் குழந்தை பிடித்தார்கள். பையன் மரியாதையாகத்தான் கேட்டான்: "தாத்தா, போன மூணு வருஷம் இருந்தவங்க பேரைப் போடக் கூடாது இல்ல?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பந்தல்காலைப் பார்த்தேன்.

"அது வேதம் படிச்ச பட்டருங்க சபைக்குப் போட்ட சட்டம்டா" என்றார் மாமா. "கூழு ஊத்துறதுக்கு இன்னாத்துக்கு வேதம்? நீ மொதல்ல கேழ்வரகு மூட்டை வந்துச்சான்னு பாரு, போ."

பையன் கேழ்வரகு பார்க்கப் போனான். குடத்தில் மோர் கரைத்தார்கள்.